வெளியே போய் நில்லு

பி.எட். முதலாண்டுத் தேர்வில் எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் வேறுபடுத்தச் சொல்லி ஒரு கேள்வி. நன்றாகவே எழுதினேன். உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைப் பெட்டி, அதற்குள் நெம்புகோலை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்தும் எலி, எல்லாம் படத்தோடு. தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கும். எதிர்மறை வலுவூட்டல் ஒரு தொல்லையை விலக்கி நடத்தையை வளர்க்கும். இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டு வந்த தோழிகளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்கு கொடுத்தார்கள். பின்னங்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் ஸ்கேலால் பெஞ்சைத் தட்டுவான். இரண்டு முறை சொல்வேன். மூன்றாவது முறை, "எழுந்து வெளியே போய் நில்லு." முணுமுணுக்காமல் போவான். வகுப்பு அடங்கும். பாடக்குறிப்பில் எழுதியபடி நடத்தி முடிப்பேன்.

பத்து நாளில் ஆறு முறை அனுப்பியிருந்தேன். எண்ணியவர் வழிகாட்டி ஆசிரியை. அவர் கண்டிக்கவில்லை. "நீங்க போர்டுக்குக் கூப்பிட ஆரம்பிச்சதும்தாம்மா அவன் தட்டறான்," என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் சாக்பீஸை நீட்டி, "யார் வர்றீங்க?" என்றேன். டக், டக்.

வெளியே வேப்பமர நிழல், சத்துணவுக்கூடத்துச் சாம்பார் வாசனை. உள்ளே 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டத் தெரியாமல் முப்பது பேர் முன்னால் நிற்க வேண்டும். தட்டினால் போர்டு விலகிவிடும். நெம்புகோல் அவன் கையில்தான் இருந்தது.

அதைவிட உறுத்தியது வேறு. அவனை அனுப்பியதும் சத்தம் நின்றதே, அது எனக்குக் கிடைத்த விடுதலை. அதனால்தான் மூன்றாவது எச்சரிக்கை இரண்டாவதாகி, கடைசியில் எச்சரிக்கையே இல்லாமல் போனது. பெட்டிக்குள் இரண்டு எலிகள். நான் தேர்வில் வரைந்தது ஒன்றைத்தான்.

சரி, போர்டுக்குக் கூப்பிடுவதை விட்டேன். பெஞ்சிலேயே 1/5 + 2/5 மாதிரி எளிய கணக்குகள் கொடுத்தேன். பிறர் துணையோடு எட்டக்கூடியது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன பகுதி அவனுக்கு அங்கேதான் தொடங்கியது. நானோ மீச்சிறு பொது மடங்கில் நின்றிருந்தேன்.

தட்டல் உடனே நிற்கவில்லை. இரண்டு நாள் கூடவே செய்தது. பழைய பலன் கிடைக்காதபோது முதலில் அப்படித்தான் கூடும் என்று படித்ததுதான், ஆனாலும் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தபோது "வெளியே போ" நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஸ்கேலை வைத்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தேன். கீழே இருந்த ஐந்துகளையும் சேர்த்துக் கூட்டி, 3/10 என்று எழுதியிருந்தான்.