பாமிர் வீடுகளில் விருந்தாளியாக

தஜிகிஸ்தானின் கிழக்கே இருக்கும் பாமிர் மலைகளில் கையில் காசே இல்லாமல் சுற்றலாம், சோறும் படுக்கையும் தானாகக் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும் என்பது உண்மைதான். தலைநகர் துஷான்பேயில் கிளம்பி, பாஞ்ச் ஆற்றை ஒட்டி, வாகான் பள்ளத்தாக்கைக் கடந்து கராகுல் ஏரி வரை தனியாகப் போன பெண் நான். எந்த வீட்டிலும் என்னை வாசலோடு திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அந்த வீடுகளில் எனக்காக என்னவெல்லாம் செலவாயிற்று என்பதை விட்டுவிட்டு இந்தப் பயணத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வழி. நாட்டின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. கிழக்கே இருக்கும் கோர்னோ-படாக்‌ஷான் தன்னாட்சிப் பகுதி, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 45 சதவீதம். ஆட்களோ மிகச் சொற்பம். அங்கே போக விசாவோடு தனி அனுமதியும் வேண்டும். இரண்டுக்கும் இணையத்தில் ஒன்றாகவே விண்ணப்பித்தேன். துஷான்பேயிலிருந்து பகுதியின் தலைநகரான கோரோக்குக்கு ஷேர் ஜீப் உண்டு. ஆள் நிறைந்தால்தான் புறப்படும். விடியலில் ஏறினால் இரவில்தான் இறங்கலாம். பாதி வழிக்கு மேல் பாஞ்ச் ஆறு கூடவே வரும். அக்கரை ஆப்கானிஸ்தான். ஆறு குறுகும் இடங்களில் எதிர்ப்பக்கம் கழுதை ஓட்டிப் போகிறவரின் தலைப்பாகை நிறம்கூடத் தெரிகிறது.

சாலையில் கை நீட்டி வண்டியை நிறுத்துவது அங்கே சகஜம். அது இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பெட்ரோல் விலை எல்லோருக்கும் தெரியும்; எத்தனை சொமொனி (அந்த நாட்டுப் பணம்) என்று பேசிவிட்டுத்தான் ஏற வேண்டும். வண்டிக்குக் காசு கேட்கிற அதே ஓட்டுநர், இருட்டிவிட்டது என்றால் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டுப் படுக்க வைப்பார். அதற்குக் காசு எடுத்தால் முகம் மாறிவிடும். இந்த இரண்டும் வேறு வேறு கணக்கு.

இஷ்காஷிமைத் தாண்டி வாகானுக்குள் ஒரு கிராமத்தில் அப்படித்தான் தங்கினேன். ஓட்டுநரின் அம்மா என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "ஹிந்துஸ்தானா?" என்று கேட்டவர், அடுத்து "ராஜ் கபூர்!" என்றார். சோவியத் காலத்தில் வளர்ந்தவர்கள் பலருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது.

பாமிர் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் மண் சுவரும் தட்டைக் கூரையும்தான். உள்ளே போனதும் கண் தானாக மேலே போகிறது. கூரையின் நடுவே மரச் சட்டங்களால் ஒன்றுக்குள் ஒன்றாக, திருப்பித் திருப்பி வைத்த நான்கு சதுரங்கள். நிலம், நீர், காற்று, நெருப்பு என்று அவற்றுக்குப் பொருள் சொல்கிறார்கள். வெளிச்சம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. கூரையை ஐந்து தூண்கள் தாங்குகின்றன. நபிகளின் பெயரும் அவர் குடும்பத்தாரின் பெயர்களும்தான் அவற்றுக்கு: முகம்மது, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன். அண்ணன் தம்பிகளான கடைசி இருவரின் தூண்களை மட்டும் மேலே ஒரு சட்டம் இணைக்கிறது. இங்குள்ள மக்கள் ஷியா பிரிவைச் சேர்ந்த இஸ்மாயிலி முஸ்லிம்கள். ஆனால் இந்த வீட்டமைப்பு இஸ்லாத்துக்கும் முந்தையது என்கிறார்கள். சுற்றிலும் திண்ணை மாதிரி உயர்ந்த மேடைகள். அதில்தான் உட்கார்வது, உண்பது, உறங்குவது எல்லாம். கதவிலிருந்து தள்ளி, குளிர் எட்டாத இடத்தை எனக்குக் காட்டினார்கள். அங்கே வழக்கமாக உட்காரும் தாத்தா எழுந்து வேறு பக்கம் போனார்.

காலையில் ஷிர்ச்சாய் வந்தது. பால், உப்பு, வெண்ணெய் சேர்த்த தேநீர். அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. வெறும் தேநீர் என்றால் கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்றுவார்கள். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்கலாம் அல்லவா? விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது என்ற ஆசைதான் அது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் இரண்டு கைகளையும் ஏந்திப் பிரார்த்தித்து முகத்தில் தடவிக்கொள்ள, எல்லோரும் அதேபோல் செய்கிறார்கள்.

பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பேத்தி எங்களுக்கு நடுவே மொழிபெயர்த்தாள். 1992 முதல் 1997 வரை நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றிப் பாட்டி தானாகவே பேசினார். சாலைகள் அடைபட்டன, மாவு வரவில்லை. 1993இல் இஸ்மாயிலிகளின் மதத் தலைவரான ஆகா கானின் அமைப்பு அனுப்பிய லாரிகள் உணவு கொண்டுவந்திராவிட்டால் பல கிராமங்கள் பிழைத்திருக்காது. பசித்திருந்த நாட்களைச் சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார் அவர். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தப் பகுதியில் 2022இல் மறுபடியும் ரத்தம் சிந்தியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியூர்க்காரி கேட்டுவிட்டுப் போய்விடுவாள். பதில் சொன்னவர்கள் அங்கேயே இருக்க வேண்டுமே.

அந்த வீட்டின் இன்னொரு மகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். பல வீடுகளில் இதே கதைதான். அங்கிருந்து வரும் பணத்தில்தான் சர்க்கரையும் எண்ணெயும் வாங்குகிறார்கள். கிளம்பும்போது நான் நீட்டிய சொமொனியைப் பாட்டி மூன்று முறை தள்ளினார். பேத்தியின் நோட்டுப் புத்தகத்துக்கு என்றதும் வாங்கிக்கொண்டார். முதல் மறுப்பைக் கேட்டதுமே பணத்தை உள்ளே வைத்துவிடும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அது என்னை உறுத்துகிறது. மறுப்பது அவர்களுடைய மரியாதை, வற்புறுத்துவது நம்முடையது. கட்டணம் வாங்கும் ஹோம்ஸ்டேக்கள் இருக்கும் ஊரில், தங்குவதற்கு நான் அங்கேதான் போவேன்.

வாகானில் லங்கர் கிராமத்துக்கு அருகே பாமிர் ஆறும் வாகான் ஆறும் சேர்ந்து பாஞ்ச் ஆகின்றன. அதற்கு மேல் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. சரக்கு ஏற்றிப் போன ஒரு வண்டியில் இடம் கேட்டு, 4,344 மீட்டர் உயரக் கார்குஷ் கணவாயைத் தாண்டி அலிச்சூர் சேர்ந்தேன். அதற்குப் பிறகு வாழ்க்கையே வேறு. மரமே இல்லாத கிழக்குப் பாமிர். பெரும்பாலும் கிர்கிஸ் மக்கள், யாக் மாடுகள். 3,600 மீட்டருக்கு மேலே இருக்கும் முர்காப் 1893இல் ரஷ்யப் படையின் காவல் நிலையமாகத் தொடங்கிய ஊர். அதன் சந்தை முழுக்கப் பழைய சரக்குப் பெட்டகங்களில் நடக்கிறது.

இங்கே வந்த பிறகுதான் விருந்தின் விலை கண்ணுக்குத் தெரிகிறது. சோவியத் காலத்தில் நிலக்கரி வெளியிலிருந்து வந்தது. 1991க்குப் பிறகு அது நின்றுபோக, மக்கள் தெரெஸ்கென் என்ற குத்துச்செடியை வேரோடு பிடுங்கி எரிக்கத் தொடங்கினார்கள். மிக மெதுவாக வளரும் செடி. ஊரைச் சுற்றி அது தீர்ந்துவிட, இப்போது வெகுதூரம் போய்க் கொண்டுவருகிறார்கள். மிச்சத்துக்கு யாக் சாணம். கால்நடைகளுக்கும் அந்தச் செடிதான் தீவனம். எனக்குக் குளிக்க ஒரு வாளி வெந்நீர் என்றால் அதற்கு எத்தனை செடி? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கிழக்குப் பாமிரில் வீடுகளில் குளிக்க வெந்நீர் கேட்பதை நிறுத்தினேன். தேநீர் கொதிக்கும்போதே முகம் கழுவ ஒரு குவளை வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

முர்காப்பிலிருந்து கிளம்பும் முன் மாவு, எண்ணெய், தேயிலை, சர்க்கரை, கொஞ்சம் ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். அக்பைதால் கணவாய் 4,655 மீட்டர். அதைத் தாண்டினால் கராகுல். விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய உப்பு ஏரி அது. கரையில் சிறு கிராமம். காய்கறி விளையாத குளிர். நான் தங்கிய வீட்டு அம்மா பணத்தைத் தொடவில்லை. மாவு மூட்டையை மட்டும் தயங்காமல் தூக்கிக்கொண்டு போய், அன்றைக்கே போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்தார். யாக் பாலாடையோடு அதைத் தின்றபோது, இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லாத ஒரு வழி கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

மறுநாள் அவரே ஒன்று கேட்டார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, படிக்கிற கண்ணாடி கிடைக்குமா என்று சைகையில் காட்டினார். அந்தப் பயணத்தில் என்னிடம் ஒரு பொருளைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டாரே என்று அவ்வளவு சந்தோஷம். கோரோக் திரும்பியதும் சந்தையில் இரண்டு கண்ணாடி வாங்கி, முர்காப் போகும் ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தேன். கராகுல் போகிற யார் கையிலாவது சேர்த்துவிடுவதாகச் சொல்லி, பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். கூலி கொடுக்கப் போனேன். கண்ணாடிக்கெல்லாம் கூலியா என்று கையை மார்பில் வைத்து மறுத்துவிட்டார்.