கடிகாரம் இருந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மனநல ஆலோசனை அமர்வின் நடுவே கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு நொடிதான் இருக்கும். எதிரே இருந்தவர் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்கு மேலே, பின்சுவரில் இருக்கும் கடிகாரத்துக்கு என் கண் போய்த் திரும்பியது. அவர் பேச்சு நின்றது. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "சரி, அதெல்லாம் பழைய கதை" என்றார். மீதி இருந்த 15 நிமிடமும் அலுவலக விஷயமே பேசினோம். சிரித்த முகத்தோடுதான் கிளம்பினார்.

மூன்று மாதமாக என்னிடம் வருகிறார். (யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எப்போதும் அப்படித்தான்.) சின்ன வயதில் அவருடைய அப்பாவுக்குக் கோபம் வந்தால் அடிக்கமாட்டார், திட்டமாட்டார். நாள்கணக்கில் பேசமாட்டார். எதிரே போய் நின்றாலும் அவர் முகம் அசையாது. அந்த முகத்தில் எப்போது ஒரு சின்ன மாற்றம் தெரியும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர் இவர். என் கண் எங்கே போனது என்று இவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மார்ச் 6, வியாழன்

மனதை விட்டுப் போகவில்லை. உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த ஆய்வு ஒன்று ஞாபகம் வந்தது. தாய் குழந்தையைக் கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கிறாள். பிறகு, ஆய்வுக்காகச் சொன்னபடி, சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. சத்தம் எழுப்புகிறது, கையை நீட்டுகிறது. எதற்கும் அந்த முகம் மசியாதபோது தலையைத் திருப்பிக்கொள்கிறது. அப்புறம் அழுகை. பிறந்து சில மாதமே ஆன குழந்தை! படிக்கிற காலத்தில் இப்படி ஒரு பதிவை முதன்முதலாகப் பார்த்தபோது பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

டிரானிக் சொன்ன இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நல்ல ஒட்டுதல் உள்ள தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது சுமார் 30 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் இடறுவதும் மறுபடி சேர்வதும்தான். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் குழந்தைக்கு உறவின் மேல் தெம்பு வருகிறது. இவருடைய வீட்டில் அந்தச் சேர்தல் நடந்ததே இல்லை. அப்பா ஒருநாள் திடீரென்று பேச ஆரம்பித்துவிடுவாராம், ஒன்றுமே நடக்காத மாதிரி. முந்தைய நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

நானும் அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆரம்பித்தால்?

மார்ச் 11, செவ்வாய்

அவர் வரவில்லை. "வேலை அதிகம், மன்னிக்கவும்" என்று ஒரு குறுஞ்செய்தி.

மாலையில் என் வழிகாட்டியிடம் பேசினேன். எங்கள் தொழிலில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒரு மூத்தவரிடம் போய் நம் வேலையைத் திறந்து காட்டுவது நல்லது. எனக்கு அவர்தான். களைப்பு, அன்றைக்கு ஐந்தாவது அமர்வு என்றெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எதைக் கேட்க முடியாமல் கடிகாரத்தைப் பார்த்தீங்க?" என்றார்.

பதில் வர நேரமானது. என் அம்மா போனபோது நான் பக்கத்தில் இல்லை. அமர்வில் அவர் சொல்லிக்கொண்டிருந்த அந்த அறை, அந்தக் கை, அந்த மூச்சு எதையும் நான் பார்க்கவில்லை. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

வேறொருவர். அண்ணனைப் பறிகொடுத்து ஐந்து மாதம். "இதிலிருந்து நான் என்ன கத்துக்கணும்? எல்லாரும் கேக்கறாங்க" என்றார். எனக்குக் கோபமே வந்தது, கேட்டவர்கள் மேல். துக்கத்தில் இருப்பவனிடம் யாராவது பாடம் கேட்பார்களா? பெருந்துயருக்குப் பின் வரும் வளர்ச்சியை அளக்க 1996இல் ஒரு அளவுகோலை வெளியிட்ட உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹூனும்கூட, துயரம் நல்லது என்று சொல்லவில்லை. வளர்ச்சி வருவது துயரத்தோடு மல்லுக்கட்டுவதால். அது வந்தாலும் வலி கூடவே இருக்கலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் அது வந்தே தீரும் என்பதும் இல்லை. "நீங்க ஒண்ணும் கத்துக்க வேண்டாம்" என்றேன். அதன் பிறகுதான் அழுதார்.

மார்ச் 18, செவ்வாய்

வந்தார். உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன்: "போன தடவை நீங்க அம்மாவைப் பத்திப் பேசும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நீங்க அங்கேயே நிறுத்திட்டீங்க. அது என் தவறு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். ஜிப் திறந்தது, மூடியது. நான் சும்மா இருந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"எனக்குக் கோபம் வந்துச்சு" என்றார் மெதுவாக. பிறகு என் முகத்தையே உற்றுப் பார்த்தார். நான் சுருங்கிவிடுவேனா, இறுகிவிடுவேனா என்று பார்க்கிறார் எனத் தோன்றியது. "வரணும்" என்றேன். "பணமும் கொடுத்து, அழுதுட்டும் இருக்கேன், நீங்க மணி பார்க்கறீங்க!" குரல் உயர்ந்தது. மூன்று மாதத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இந்தக் கோபத்தை யாரிடமும் நேருக்கு நேர் சொன்னதே இல்லை என்றார், கணவரிடம்கூட.

என் அம்மாவைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல நாக்கு வரை வந்தது. உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஆலோசகர் உறவில் உண்மையாக இருந்தாக வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்தார். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டச் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் இவருடைய கோபம் அங்கேயே அடங்கி, எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்திருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

மார்ச் 25, செவ்வாய்

காலையிலேயே கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் உள்ளே வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த வாரம் கணவரிடம் பேசிப் பார்த்தாராம். பாதியிலேயே அவர் எழுந்து போய்விட்டாராம். "ஆனா நான் சொல்லி முடிச்சேன், காலியான நாற்காலிகிட்ட" என்றார். என்ன நினைப்பதென்று எனக்கு உடனே தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

கிளம்பும்போது கதவருகே நின்று, "கடிகாரத்தை எடுத்துட வேண்டாம்" என்றார். "நான் பார்க்கற மாதிரியும் வையுங்க."

பக்கச் சுவரில் ஆணி அடித்திருக்கிறேன்.