திருட்டை விட எடிட்டிங்தான் பயமாக இருந்தது

ஆர்.எஃப். குவாங்கின் ‘யெல்லோஃபேஸ்’ (2023) நாவலைப் படித்தவர்கள் எல்லாரும் திருட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஜூன் ஹேவர்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர், திடீரென்று இறந்துபோன தோழி, சீன வம்சாவளி எழுத்தாளர் அதீனா லியூவின் வெளிவராத நாவல் பிரதியைச் சுருட்டிக்கொண்டு போய்த் தன் பெயரில் வெளியிடுகிறாள். சரி. ஆனால் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குக் காப்பி எடிட்டிங் (அச்சுக்குப் போகும் முன் பிரதியைத் திருத்துகிற வேலை) செய்து பிழைக்கிற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அதற்கடுத்து வருகிற எடிட்டிங் பகுதி.

முதல் உலகப்போரில் பிரிட்டனும் பிரான்சும் வேலைக்குக் கொண்டுபோன சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்களைப் பற்றிய பிரதி அது. ஜூனும் அவள் எடிட்டரும் உட்கார்ந்து பேசப் பேச, வெள்ளைக்காரர்களின் முரட்டுத்தனம் கொஞ்சம் குறைகிறது, வம்பிழுக்கும் வெள்ளைக்காரன் ஒருவன் சீனனாகிவிடுகிறான், வாய்திறந்து பேசுகிற சீனத் தொழிலாளி ஒருவன் நல்ல மனசுக்கார வெள்ளை விவசாயியாகிவிடுகிறான். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. எல்லாம் வாசகருக்காக.

அந்த வாசகரை நான் தினமும் பார்க்கிறேன், பிரதியின் ஓரத்தில் எழுதப்படுகிற கொயரிகளில், அதாவது எழுத்தாளருக்கான கேள்விக் குறிப்புகளில். “இந்த உறவுமுறை புரியுமா, விளக்கம் சேர்க்கலாமா?” “இரண்டு பெயர்களும் ஒரே மாதிரி இருக்கின்றன, ஒன்றை மாற்றலாமா?” பணிவான கேள்விகள்தான், பாதிக்கு மேல் நியாயமும் உண்டு. ஆனால் பிரெஞ்சுச் சொல் வந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை, ஆசியப் பெயர் வந்தால்தான் வாசகர் உடனே தடுமாறிவிடுகிறார்!

பெயர் விஷயம் இன்னும் சாமர்த்தியம். ஜூனிப்பர் சாங் ஹேவர்ட் என்பது ஜூனின் முழுப்பெயர், அம்மா ஹிப்பியாக இருந்த காலத்தில் வைத்தது. ஹேவர்டை மட்டும் வெட்டிவிட்டால் அட்டையில் ‘ஜூனிப்பர் சாங்’. சீனப் பெயர் மாதிரியே இருக்கிறது, பொய்யும் சொல்லவில்லை.

சீனப் பின்னணி தெரிந்த ஒருவரிடம் பிரதியைக் காட்டலாமே என்று கேட்கிற ஒரே ஆள், கேண்டிஸ் என்ற எடிட்டோரியல் உதவியாளர், கொரிய வம்சாவளி. வேலை போவதும் அவருக்குத்தான். இது வெறும் கற்பனை என்று தள்ள முடியவில்லை, ஏனென்றால் இந்த நாவலை அமெரிக்காவில் வெளியிட்ட வில்லியம் மாரோ, ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகத்தின் ஒரு பிரிவு. புத்தகம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 நவம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை, சம்பளத்துக்காகவும் எல்லா இனத்தாருக்கும் வேலையில் இடம் வேண்டும் என்பதற்காகவும் ஹார்ப்பர்காலின்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பின்பாதியில் ஜூனின் திருட்டைப் பற்றிய ட்விட்டர் சண்டை ஜவ்வாக இழுக்கிறது. கேண்டிஸோ, வேலை போன பிறகு கணக்குத் தீர்க்கக் கடைசியில்தான் முழுதாக வருகிறார். அந்த ட்விட்டர் பக்கங்களில் பாதியை வெட்டி அவருக்குக் கொடுத்திருக்கலாம்.