நூறு யென்னுக்கு ஒரு சண்டை

டோக்கியோவுக்கு ஐடி வேலைக்கு வருகிற நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் குடியேறுவது நிஷி கசாயில்தான். எடோகாவா வார்டில், தோசாய் மெட்ரோ லைனில் இருக்கிற பகுதி. 2000 பிறந்தால் கணினிகள் தேதியில் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியப் பொறியாளர்களைக் கூப்பிட்ட காலத்தில் பெருகிய கூட்டம் இது. இன்றைக்குப் பருப்பு, புளி, கறிவேப்பிலை எதற்கும் அங்கே கஷ்டமில்லை. வீடு கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு ஏஜென்ட் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'வீட்டுக்காரர் வெளிநாட்டவருக்குத் தரமாட்டாராம்' என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு வாசல் வரை வந்து குனிந்து வணங்கி வழியனுப்பினார். கோபப்படக்கூட வழியில்லை.

வீடு கிடைத்ததும் 14 நாளைக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அப்புறம் வங்கிக் கணக்கு, போன், காப்பீடு. எல்லாவற்றுக்கும் படிவம், எல்லாப் படிவத்திலும் நான் வாசிக்க முடியாத எழுத்து. அலுவலகத்தில் எட்டுப் பேர் சிரிக்கும்போது, என்ன நகைச்சுவை என்று தெரியாமலே நானும் ஒன்பதாவதாகச் சிரிப்பேன். ஊரில் வாயாடி என்று பெயர் வாங்கியவன் நான். இங்கே வந்து 'ஹை, ஹை' என்று தலையாட்டுகிற ஆளாகிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் ஜப்பானியர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை 'கேம் விளையாடுவீர்களா?' என்று கேட்டார். விளையாடாமல் என்ன? மதுரையில் பள்ளிக்கூட நாட்களில் கிடைத்த சில்லறையெல்லாம் மணிக்கணக்குக்கு வாடகை வாங்குகிற வீடியோ கேம் கடையில் 'டெக்கன் 3'-க்குத்தான் போயிருக்கிறது. அதில் எடி கோர்டோ என்ற ஆளை எடுத்துக்கொண்டு உதை பட்டனையே தட்டித் தட்டி எத்தனையோ பேரை அழவிட்டிருக்கிறேன். தெம்பாகத்தான் கிளம்பினேன். தோசாய் லைனிலேயே உட்கார்ந்தால், வண்டி மாறாமல் தகதனோபாபா. அங்கே இருக்கிறது மிகாடோ என்கிற பழைய கேம் சென்டர்.

உள்ளே போனால் முதலில் சத்தம்தான் அடிக்கும். அப்புறம் மெல்ல மெல்லத்தான் கண்ணுக்கு ஆட்கள் தெரிவார்கள். சண்டை விளையாட்டு இயந்திரங்களை இங்கே முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு இரண்டாக வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எதிராளி யாரென்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். யாராவது தனியாக விளையாடிக்கொண்டிருந்தால் நீங்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து காசைப் போட்டால் போதும், அவரிடம் கேட்கவே வேண்டாம். திரையில் புது ஆள் வந்திருக்கிறான் என்று அறிவிப்பு வரும், சண்டை தொடங்கிவிடும். ஜெயித்தவர் எழுந்திருக்க வேண்டியதில்லை. தோற்றவர்தான் இன்னொரு 100 யென் எடுக்க வேண்டும். இதைவிட எளிமையான அறிமுகம் எனக்கு அந்த நாட்டில் வேறெங்கும் கிடைக்கவில்லை. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டாம், எந்த மரியாதை வினைமுடிவு என்று யோசிக்க வேண்டாம்.

அவர் என்னை உட்காரவைத்தது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்டு ஸ்ட்ரைக்' முன்னால். கேப்காம் 1999-இல் வெளியிட்டது. இந்தியன் என்பதால் இந்தத் தொடரில் வரும் இந்தியரான தால்சிமைத்தான் எடுப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்: கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் தீ, ரப்பராய் நீளும் கை கால், யோகா என்ற பெயரில் இதெல்லாம் செய்கிற அந்த ஆளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நல்லவேளை, இந்தப் பாகத்தில் அவர் கிடையாது. கை நீளுகிற வேலையை நெக்ரோ என்ற ரஷ்யனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜப்பானில் என்னைத் தால்சிம் என்று கூப்பிடாத ஒரே கேம் என்பதற்காகவே அதன்மேல் எனக்குப் பிரியம் வந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் 19 பேர் இருந்தார்கள். நான் எடுத்தது டட்லி. டை, மீசையோடு இருக்கும் இங்கிலாந்துக் குத்துச்சண்டைக்காரர். எதிராளியைச் சீண்ட வேண்டுமென்றால் ரோஜாப்பூவை வீசுவார்.

அன்றைக்கு வாங்கிய அடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டன் தட்டுகிற என் மதுரை வித்தை இங்கே பத்து நொடிகூட நிற்கவில்லை. காரணம் பேரி. மற்ற சண்டை விளையாட்டுகளில் அடி வரும்போது லீவரைப் பின்னால் இழுத்துத் தடுத்துக்கொள்வோம். இதில் அப்படியும் தடுக்கலாம். ஆனால் அடி வந்து படும் நேரத்துக்குச் சரியாக லீவரை முன்னால் ஒரு தட்டுத் தட்டினால், அந்த அடி வீணாகும், உங்களுக்கு ஒரு பொட்டுச் சேதமும் வராது, அடித்தவன் திறந்த நெஞ்சோடு நிற்பான். காலுக்கு வருகிற அடியென்றால் கீழே தட்ட வேண்டும். கிடைக்கிற அவகாசம் ஏறத்தாழ ஆறில் ஒரு நொடி. தவறினால் முழு அடியும் முகத்தில். அதாவது, ஆபத்தை நோக்கி ஓர் அடி முன்னே வைக்கிறவனுக்குத்தான் பரிசு.

இந்த ஒற்றை விஷயத்தால்தான் இந்த கேம் தீர்ந்துபோவதே இல்லை என்பது என் கட்சி. கண்ணால் பார்த்துப் பேரி செய்ய எப்போதும் நேரம் இருக்காது. எதிராளி என்ன நினைக்கிறான் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். குத்து வரும் என்று நினைத்து முன்னால் தட்டுகிறேன். அதை எதிர்பார்த்து அவன் குத்தாமல் பிடித்துத் தூக்கி எறிகிறான். பிடியைப் பேரி செய்ய முடியாது. பிடிக்க வருவான் என்று அடுத்த முறை நான் எகிறுகிறேன். எகிறுவேன் என்று அவன் காத்திருக்கிறான். கணினியோடு விளையாடினால் இதில் ஒரு சுவையும் இல்லை, அதற்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் கிடையாது. நண்பனுக்கு இருக்கிறது. அந்த அபிப்பிராயத்தை ஏமாற்றுவதில்தான் மொத்த ருசியும்.

சனிக்கிழமைக் கூட்டம் ஒன்று தானாகவே சேர்ந்தது. எங்களுக்குள் சொந்தப் பெயரைவிட எடுக்கிற ஆளின் பெயர்தான் புழக்கம். அலுவலக மூத்தவர் ஹியூகோ. ஹியூகோ என்பவன் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஜெர்மன் மல்லன். பக்கத்தில் வந்துவிட்டால் லீவரை இரண்டு சுற்றுச் சுற்றி ஆளைத் தூக்கி நசுக்குவான். கூட்டங்களில் யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத, மின்னஞ்சலில் மூன்று முறை மன்னிப்புக் கேட்கிற மனிதர், இங்கே இரக்கமே இல்லாமல் பிடிக்கிறார். மூலையில் ஒதுக்கி, எழவிட்டு, மறுபடி பிடிக்கிறார். திங்கட்கிழமை அவரைப் பார்க்கும்போது எனக்கு அவரிடம் பயம் போய்விட்டிருந்தது. எனக்கு அவரைத் தெரியும் என்று தோன்றியது.

இன்னொருவன் யாங்கோனிலிருந்து வந்தவன், மொழிப்பள்ளி மாணவன். அவன் க்யூ. தொப்பி, நீளக் கோட்டு, உலோக முகமூடி. யாரென்றே கதையில் சொல்லாத மர்ம ஆள். க்யூ மெதுவானவன், ஆனால் ஒரு வசதி உண்டு. சண்டைக்கு நடுவே சும்மா நின்று சீண்டல் சைகை காட்டினால் அவன் வாங்கும் சேதம் குறையும், மூன்று முறை வரை இப்படி ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே எங்கள் யாங்கோன்காரனின் முழு ஆட்டமும் இதுதான்: எங்களைக் கீழே தள்ளிவிட வேண்டும், நாங்கள் எழுவதற்குள் ஒரு சைகை. மறுபடி தள்ளி, மறுபடி ஒன்று. மூன்றாவதைக் காட்ட விடக்கூடாது என்று நாங்கள் பதறி ஓடிவருவோம், அந்தப் பதற்றத்தையே அவன் அடித்து வீழ்த்துவான். மூன்றையும் முடித்துவிட்டான் என்றால் பின்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஜப்பானியர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். அந்த முறை நானும் ஏன் என்று தெரிந்தே சிரித்தேன்.

2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில், இதே கேமில் எடுத்த அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். டைகோ உமெஹாராவின் கென்னுக்கு உயிர் ஒரு நூலளவு பாக்கி. சாதாரணமாகத் தடுத்தால்கூட அந்தச் சேதத்திலேயே செத்துவிடுவார். ஜஸ்டின் வாங்கின் சுன் லி 15 உதைகள் தொடர்ந்து வரும் 'சூப்பர்' என்ற பெரிய அடியைப் போடுகிறாள். டைகோ பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் பேரி செய்து, திருப்பி அடித்து ஜெயிக்கிறார். கூட்டம் எழுந்து கத்துகிறது. முதல் உதையைப் பார்த்துவிட்டுச் செயல்படப் போதிய நேரமே கிடையாது. இப்போது போடுவான் என்று ஊகித்தே ஆக வேண்டும். அவசரப்பட்டுப் போடும் மனநிலைக்கு ஜஸ்டினைத் தள்ளியதுதான் டைகோவின் நிஜத் திறமை என்று எங்கள் ஹியூகோ அடித்துச் சொல்லுவார். அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் டைகோ தோற்றுப்போனார் என்பதைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

தகதனோபாபாவில் பர்மியக் கடைகள் அதிகம், ஊரே 'லிட்டில் யாங்கோன்' என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறது. தோற்றவர் செலவில் சாப்பாடு. முதல் தடவை க்யூ எனக்கு நூடுல்ஸை எண்ணெய், பூண்டு, வெங்காயம், கடலைமாவு போட்டுக் கையால் பிசைந்து கொடுக்கும் ஒன்றை வாங்கித் தந்தான். ஒரு வாய் வைத்ததும் சொன்னேன், இது சென்னையில் பர்மா பஜார் பக்கம் விற்கிற அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விளக்கினேன். அவனுக்கும் அரைகுறை ஜப்பான் மொழிதான், ஆனாலும் இரண்டு பேருக்கும் புரிந்தது. ஹியூகோ எங்கள் இலக்கணத்தைத் திருத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்.

இந்த மாதிரி இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 2019 அக்டோபரில் விற்பனை வரி 10 சதவீதமானது. 100 யென் நாணயத்தில் ஓடுகிற தொழிலில் வரி ஏறினாலும் ஆட்டத்தின் விலையை இரண்டு யென் ஏற்ற முடியாதே, முதலாளிதான் கையிலிருந்து கட்டுகிறார். அடுத்த வருஷமே கொரோனா. சேகா தன் கேம் சென்டர் தொழிலை ஜென்டா நிறுவனத்துக்கு விற்றது. சேகா பலகை இருந்த இடங்களில் இப்போது கிகோ என்ற பலகை. பல இடங்களில் பொம்மை பிடிக்கும் இயந்திரங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. மிகாடோ அந்த 2020-இல் ரசிகர்களிடம் நிதி திரட்டித் தாக்குப்பிடித்தது.

வீட்டிலிருந்தே இணையத்தில் ஆடலாமே என்றால், ஆடலாம். இணையத் தாமதத்தை மறைக்கிற ரோல்பேக் என்ற நுட்பம் இருப்பதால் ஒசாகாவுக்கு மாற்றலாகிப்போன க்யூவோடு வாரநாளில் ஆடுகிறோம், தடங்கல் பெரிதாகத் தெரிவதில்லை. மதுரையிலிருக்கும் என் சித்தி பையனோடும் முயன்று பார்த்தேன். அந்தத் தூரத்துக்கு ஆட்டம் கொஞ்சம் திக்கும், 'அண்ணே, இது நெட்டாலதான் தோத்தேன்' என்று அவன் சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கும். ஆனால் எதிராளியின் லீவர் சத்தம் கேட்க வேண்டும் எனக்கு. இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் டக் டக்கென்று இரண்டு சுற்றுக் கேட்டால் ஹியூகோ பிடிக்கப்போகிறார் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும் என்பதால் சில சமயம் சும்மா சுற்றுவார்.

போன வசந்தத்தில் எங்கள் அலுவலகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். அதே வார்டு அலுவலகம், அதே படிவங்கள், அதே ஒன்பதாவது சிரிப்பு. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனோம். அவன் யுன்னை எடுத்தான். இந்த கேமில் மிக வலுவான இரண்டு மூன்று பேரில் ஒருவன் யுன். அது தெரிந்து எடுத்தானா என்று கேட்டால், 'தொப்பி நல்லாருந்துச்சுண்ணா' என்கிறான். கோடை முடிவதற்குள் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அடிக்க ஆரம்பித்துவிட்டான். லைன் என்ற செய்திச் செயலியில் இருக்கும் எங்கள் குழுவில் இப்போது வேறு பேச்சே இல்லை, அவனை எப்படி நிறுத்துவது என்பதுதான். ஹியூகோ மூன்று பத்தியில் ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருக்கிறார். வழக்கம்போல கடைசியில் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். எனக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை. என்னிடம் வேறொன்று இருக்கிறது. குழுவில் அந்தப் பையனும் இருப்பதால் இங்கேயும் சொல்லப்போவதில்லை.