தம்பி கல்யாணமும் ஒரு தூக்குச் சொதியும்

முதலில் அந்த வேன்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை இறக்கி வைக்காமல் மற்ற எதையும் நிம்மதியாக எழுத முடியாது.

தம்பிக்குத் தென்காசியில் பெண் எடுத்திருக்கிறோம். ஆனி மாத முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் தென்காசியில், எங்களுக்கு அறை குற்றாலத்தில். நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். பதினான்கு பேரை மூன்று நாள் ஏற்றி இறக்க ஒரு வேன், நாளுக்கு 3,500 ரூபாய் என்று போனில் பேசியாயிற்று. பேசும்போது குரல் தேன். கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது 16,200 என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். காத்திருந்ததற்குத் தனி, ராத்திரி பேட்டா தனி, ஏசி போட்டதற்குத் தனி. ஏசியா? சாரல் அடிக்கிற ஊரில் நாங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் மூன்று நாளும் போனோம்! "சீசன்லா அக்கா" என்றார். எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். நான் சண்டைக்கு முந்தானையைச் செருகுவதற்குள் அப்பா, "கல்யாண வீட்ல வேண்டாம்மா" என்று சட்டைப்பையில் கையை விட்டுவிட்டார். கல்யாண வீட்டுக்காரன் சண்டை போடமாட்டான் என்பதை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே நடக்கிறது. நீங்கள் வண்டி பேசினால் பேட்டா, காத்திருப்பு, ஏசி எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரியவர்கள் "எதுக்கு, நம்ம ஊருக்காரன்தான்" என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் அலுவலகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். இப்போதே வரிசை போய்விட்டது. சரி, பயணத்துக்கு வருகிறேன்.

ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு. முன்பு 120 நாள் இருந்தது. சீசன், முகூர்த்தம், வார இறுதி மூன்றும் ஒரே நாளில் வந்தால் செங்கோட்டை போகிற பொதிகை எக்ஸ்பிரஸில் என்ன கிடைக்கும்? அப்பா, அம்மா, ஆச்சி, பெரியப்பா குடும்பம், மாப்பிள்ளைப் பையன் எல்லாருக்கும் படுக்கை கிடைத்தது. நான், என் வீட்டுக்காரர், பையன் மூவரும் காத்திருப்புப் பட்டியலில் தொங்கி, சார்ட் வந்தபோது 7, 8, 9 என்று நின்றோம். வேறு வழியில்லாமல் கிளாம்பாக்கத்திலிருந்து ஆம்னி பஸ். சாதாரண நாளில் ஆயிரத்துக்குள் கிடைக்கிற படுக்கைக்கு அன்று ஆளுக்கு 1,900. வீட்டிலிருந்து கிளாம்பாக்கம் போன ஆட்டோவுக்கு 700. சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே 6,400 காலி.

எட்டரைக்கு எடுக்க வேண்டிய பஸ்ஸைப் பத்தேகாலுக்கு எடுத்தார்கள். என் படுக்கைக்கு நேர் மேலே ஏசி ஒழுகியது. பையன் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பிடித்தான். விழுப்புரம் தாண்டுவதற்குள் கால் பாட்டில் நிறைந்தது. விடியற்காலை எங்கோ ஒரு பொட்டலில், பஸ்ஸுக்கும் அந்தக் கடைக்கும் ஏதோ உறவு போலிருக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். டீ முப்பது ரூபாய். வாயில் வைக்க முடியவில்லை. ஏழு மணிக்குத் தென்காசி என்று எழுதியிருந்த பஸ் பத்தரைக்குக் கொண்டுபோய் இறக்கியது. ரயிலில் வந்த ஆச்சி குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, "என்னட்டி, இப்பதான் வாரியா?" என்று கேட்டாள்.

ஆனால் ராஜபாளையம் தாண்டியபின் வலப்பக்கம் மலை கூடவே வந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. தென்காசியில் இறங்கியதும் முகத்தில் பொடிப்பொடியாய்ச் சாரல். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தப்பி வருகிற காற்றும் தூறலும்தான் இந்தப் பக்கத்துக்கு. காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் அந்தக் காற்றை நின்று வாங்கிப் பாருங்கள். சேலையைப் பிடிக்க இரண்டு கை போதாது.

லாட்ஜைப் பற்றி ஒரே வரி: நாளுக்கு 3,000 ரூபாய் கொடுத்து ஈர மெத்தையில் படுத்தோம். துவைத்த துணி மூன்று நாளும் காயவில்லை. இன்னொரு வரியும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்த பெரியம்மா புண்ணியத்தில், சீர்த் தட்டுக்கு வைத்திருந்த இரண்டு சீப்பு பழத்தைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. அதுவும் செலவுக் கணக்கில்தான்.

சனிக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்து, பெரியவர்கள் படுத்தபின், நாங்கள் ஆறு பேர் பிரானூர் பார்டருக்குக் கிளம்பினோம். சைவக் கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி நாட்டுக்கோழியும் பரோட்டாவும். தப்புதான். மாப்பிள்ளை மட்டும் வரவில்லை, பாவம், போட்டோ கேட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தான். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததாம், எல்லைக்கோடு பிரானூரில். கோடு கிழக்கே இருந்து மேற்கே போய் இத்தனை வருஷமாகியும் பேர் மட்டும் பார்டர்தான். கல்லில் போட்டு, அடித்து, இலையில் பிய்த்து வைத்த பரோட்டா மேல் சால்னாவை ஊற்றினால் அது உறிஞ்சுகிற வேகம் இருக்கிறதே! ஆறு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டு 1,340 ரூபாய். இந்தப் பயணத்தில் மனம் நோகாமல் கொடுத்த காசு இது ஒன்றுதான்.

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். மூன்றரைக்கு எழுந்தோம். சென்னை கல்யாணங்களில் முதல் நாளே ரிசப்ஷன் வைத்து, மாப்பிள்ளை பெண்ணை இரண்டு மணிநேரம் நிற்கவைத்துக் கொல்கிறார்களே, இங்கே அது இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

நாத்தனார் முடிச்சு என்று எல்லாரும் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார். இவ்வளவுதானே? போய் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. முன்னே பெண்ணின் சடை, சடை மேல் அரை முழத்துக்கு மல்லிகை, அதன்மேல் ரோஜா மாலையின் கனம். கழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மஞ்சளில் ஊறிய கயிறு வழுக்குகிறது. கெட்டிமேளத்தில் ஐயர் சொல்வது கேட்கவில்லை, மேலே அட்சதை கொட்டுகிறது, போட்டோக்காரர் "அக்கா இந்தப் பக்கம் பாருங்க, அக்கா சிரிங்க" என்கிறார். முடிச்சுப் போடுகிறவளைச் சிரிக்கச் சொன்னால் எப்படி? தம்பி முதல் முடிச்சை, சின்ன வயதில் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரியே, நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டான். அந்த நாக்கைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது முடிச்சு சரியாக விழுந்தது. மூன்றாவதை எப்படிப் போட்டேன் என்று இப்போதும் தெரியாது. கையை எடுத்தபோது கயிறு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி தாங்காமல் ஆச்சியிடம் மட்டும் சொன்னேன். "நாளைக்கு அருவில நனையட்டும், தானா இறுகிரும். நூல் கயிறுதானே" என்றாள்.

சனிக்கிழமை குற்றாலம் பேரருவியில் வெள்ளம், போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்திருந்தது. புதுப்பெண்தான் எங்களுக்கு வழிகாட்டி. பிறந்ததிலிருந்து பார்த்த அருவியாயிற்றே. மேலேயிருந்து விழுகிற தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கித்தான் கீழே வருகிறது. அதனால்தான் நம் தலை தப்பிக்கிறது, நேரே விழுந்தால் யார் நிற்பது என்று விளக்கிக்கொண்டே என் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிப்போனாள். "குனிஞ்சே நில்லுங்க மதினி. நிமிந்தீங்கன்னா மூச்சு முட்டும்." நான் நிமிர்ந்தேன். மூச்சு முட்டியது. முதுகில் நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் பிடித்த கழுத்துவலி, வேன்காரர், 1,900 ரூபாய், எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை (பிறகு திரும்பி வந்துவிட்டன, அது வேறு). வெளியே வந்து தலை துவட்டும்போது அவள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாவது முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. "என்ன மதினி?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

திரும்பும் வழியில் மங்குஸ்தான் கிலோ 400 என்றார்கள். பேரம் பேசி 350. வீட்டில் பிரித்தால் அடியில் பாதி கல்லாக இருந்தது.

இனி சொதி. உண்மையில் இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில் மறுநாள் மதியம் சொதிச் சாப்பாடு. சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காய் போட்டு வைக்கிற குழம்பு. அப்பாவுக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டை என்பதால் எங்கள் வீட்டிலும் அம்மா வைப்பாள். ஆனால் சென்னையில் தேங்காய் விற்கிற விலைக்கு அது பாதி சொதி, பாதி நினைப்பு. இங்கே காலை ஒன்பது மணிக்கே சமையல்கட்டுக்குப் பின்னால் சிரட்டை முட்டளவுக்குக் குவிந்து கிடந்தது. சமையல்காரரான தவசிப்பிள்ளை என்னை விரட்டவில்லை, ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். தேங்காயை மூன்றாவது தடவை பிழிந்த மூன்றாம் பாலில் காய் வேகிறது: உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி. பாசிப்பருப்பைத் தனியே குழைய வேகவைத்துச் சேர்க்கிறார். பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்தது இரண்டாம் பாலோடு போகிறது. மிளகாய்த்தூள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில்தான் முதல் பால். அதை ஊற்றும்போது அவர் முகம் மாறிவிட்டது. "இனி கொதிச்சுதுன்னா திரிஞ்சுரும்" என்று, நுரை கட்டுகிற நேரம் பார்த்து விறகை வெளியே இழுத்தார். இறக்கிவைத்து, சூடு தணிந்தபின் எலுமிச்சை. பக்கத்தில் யாரையும் பேசவிடவில்லை.

சோறு குழித்து, சொதி ஊற்றி, ஓரத்தில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். சொதியின் இனிப்பு நாக்கில் படியும்போது இஞ்சித் துவையலை ஒரு தொடு. அவ்வளவுதான், திரும்பவும் முதல் வாய் மாதிரி. இவ்வளவு தேங்காய்ப்பால் குடித்தால் ஜீரணமாக இஞ்சி வேண்டும் என்பது காரணமாம். காரணமே இல்லாவிட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். முந்தைய நாள் கல்யாணச் சாப்பாட்டில் பதினெட்டு வகை இருந்தது; ஒன்றும் நினைவில்லை. பெண்ணின் அப்பா ஒவ்வொரு பந்தியிலும் ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, "இன்னும் கொஞ்சம் விட்டுக்கிடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே போனார். காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர் காலில் விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தானே, அந்த ஊர்க்காரரல்லவா என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். அவர் மூன்று முறை வாங்கிக்கொண்டார். நான் எத்தனை முறை என்று எழுதப்போவதில்லை.

திரும்ப எல்லாருக்கும் பொதிகையில் இடம் இருந்தது, கும்பிட்டுக்கொண்டேன். ஏறும்போது பெண்ணின் அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையச் சொதியும், பொட்டலத்தில் இடியாப்பமும் கொடுத்தார். "சங்கரன்கோயில் தாண்டுறதுக்குள்ள சாப்ட்ருங்க, தேங்காப்பால் தாங்காது." கடையநல்லூரிலேயே காலி செய்துவிட்டோம். எதிர் இருக்கைக்காரர் பார்த்த பார்வையில் அவருக்கும் இரண்டு இடியாப்பம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: எங்கள் மூன்று பேருக்கு மட்டும், அறைப் பங்கும் வேன் பங்கும் சேர்த்து, 21,000 சொச்சம். சீர் தனி. நாத்தனாருக்கு வந்த பட்டுச்சேலையை இதில் கழிக்கலாமா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று காலை அந்தத் தூக்கைத் துலக்கும்போதுதான் பார்த்தேன், அடியில் பெண் வீட்டாரின் பேர் வெட்டியிருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரம். வெறும் தூக்காகக் கொடுக்கக்கூடாது என்கிறாள் அம்மா. பையனின் காலாண்டு விடுமுறைக்கு 60 நாள் முன்பு என்றால் எந்தத் தேதி வருகிறது என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை காலை எட்டு மணிக்கு மூன்று போனில் உட்காருவதாகத் திட்டம்.