ரஸ்புதின் எங்கே?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் முதல் பக்கம் போனி எம் குழுவின் 'ரஸ்புதின்' டிஸ்கோ பாட்டோடு முடியும். அப்படி எதுவும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். என் காதுக்குத்தான் தெரியாது. நாற்பது வருடமாக அது அப்படியே கேட்டுப் பழகிவிட்டது.

இதற்குக் காரணம் மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ரெக்கார்டிங் சென்டர். 1985ல் நான் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு எல்.பி. இசைத்தட்டு வாங்க வீட்டில் வசதியில்லை, வாங்கினாலும் போட்டுக் கேட்கப் பெட்டியில்லை. இருந்தது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். காலி கேசட்டையும், நோட்டுத்தாளில் எழுதிய பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக்கார அண்ணன் தன் இசைத்தட்டிலிருந்து பதிந்து மூன்றாம் நாள் தருவார். அவருடைய மூன்றாம் நாள் பெரும்பாலும் எட்டாம் நாள்தான் வரும்.

அந்த ஆல்பம் மொத்தம் 43 நிமிடம். நான் கொடுத்தது சிக்ஸ்டி கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம். இசைத்தட்டின் முதல் பக்கம் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தைச் சும்மா விட அண்ணனுக்கு மனசு வராது. "காசு வாங்கிட்டு வெறும் டேப்பைக் குடுக்கலாமா தம்பி?" என்பார். காய்கறிக்காரர் கொசுறுக்குக் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, அவர் ரஸ்புதினைப் போட்டுவிட்டார்.

அது வந்து விழுந்த இடம்தான் விசேஷம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடல் வரியே கிடையாது. கிளேர் டோரி என்ற பாடகி வெறும் குரலால் கதறி, கெஞ்சி, கடைசியில் சமாதானமாகி அடங்குவார். சாவைப் பற்றிய பாட்டு. அந்தக் குரல் மெல்லத் தேய்ந்து மறைகிற நொடியில், கண் கலங்கி உட்கார்ந்திருப்பவன் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல ரஸ்புதின் குதிக்கும். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடத் தயாராகிவிடுவேன். கேசட் சிக்கி, பென்சில் விட்டுச் சுற்றி, ஒட்டுப்போட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் அது ஓடியது. அப்புறம் ஒரு பொங்கலுக்கு முந்தைய சுத்தப்படுத்தலில் எடைக்குப் போய்விட்டது.

போன வருடம் மகள் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கொடுத்தாள். கூடவே டார்க் சைடின் மறுபதிப்பும். 1973ல் வந்த ஆல்பத்துக்கு ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாடி 2023ல் ஒலியைப் புதிதாகச் சீர்செய்து (ரீமாஸ்டர்) வெளியிட்டார்கள். விலையைக் கேட்ட மனைவி, "மூவாயிரத்துக்கு ஒரு தட்டா? எவர்சில்வர்ல அரை டஜன் வந்திருக்குமே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூவரும் உட்கார்ந்தோம். அம்மா திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஊசியை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "ஓடுதாங்க?" என்றாள் மனைவி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆல்பம் ஓர் இதயத்துடிப்பில்தான் தொடங்குகிறது. என் கேசட்டில் எப்போதும் இருந்த 'உஸ்ஸ்' இரைச்சலுக்கு அடியில் அது புதைந்து கிடந்ததால் இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை.

கிளேர் டோரி பாடினார். குரல் தேய்ந்தது. நான் நாற்காலி நுனிக்கு வந்தேன், கால் தானாகத் தாளம் போடத் தயாரானது. ஊசி மையத்துக்குப் போய் 'டிக்... டிக்...' என்று நின்றது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"ரஸ்புதின் எங்கே?"

அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. சொல்லும்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்குக் கிளேர் டோரியின் பெயரும் இருந்தது. 1973ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்கு வந்து பாடிவிட்டு 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனவர் அவர். பல வருடம் கழித்து வழக்குப் போட்டு, 2005ல் சமரசம் ஆகி, பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராகப் பெயர் சேர்ந்தது. மறுபதிப்பு என்று ஒன்று வராவிட்டால் அந்தப் பெயரை எந்த அட்டையில் அச்சடிப்பது? நான் முப்பது வருடமாக அச்சுத்தொழிலில் இருப்பவன். எனக்குப் பாட்டைவிட அட்டையில்தான் முதலில் கண் போகும். இந்தக் குணத்தால் பின்னால் ஒரு மானக்கேடு வந்தது, அதையும் சொல்கிறேன்.

இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டு 'மணி', அதாவது பணம். சில்லறைச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளமாகவே வரும். காய்கறி நறுக்கப் போன மனைவி கத்தியை வைத்துவிட்டுத் தொடையில் தட்ட ஆரம்பித்தாள். சின்ன வயதில் எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள். "இது மிஸ்ர சாபுங்க. தகிட தகதிமி... ஏழு வருது பாருங்க." எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். நாற்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட எண்ணியதில்லை. நடுவில் கிதார் தனியாக வாசிக்கும்போது, "இப்ப நாலுக்கு மாறிட்டாங்க. ஏழுல வாசிக்கக் கஷ்டமா இருந்திருக்கும் போல" என்றாள். அதற்குப் பிறகு தட்டு விலையைப் பற்றி அவள் பேசவில்லை.

பிடித்துக்கொண்டது பைத்தியம். அடுத்து பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' மோனோ மறுபதிப்பு. எல்லாச் சத்தமும் ஒன்றாகவே வந்தால் மோனோ, இடம் வலம் என்று பிரிந்து வந்தால் ஸ்டீரியோ. 2014ல் மூல ஒலிநாடாக்களிலிருந்தே நேரடியாக வெட்டிய தட்டு. 1967ல் அந்த நால்வரும் கூடவே உட்கார்ந்து கவனித்துக் கலந்தது மோனோவைத்தானாம், ஸ்டீரியோவைப் பிறகு மற்றவர்கள் அவசரமாக முடித்தார்கள். கேசட்டில் நான் கேட்டது அந்த அவசர ஸ்டீரியோ.

'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' வந்ததும் சந்தேகம் தட்டியது. வேகமாக ஓடுகிறது. வீட்டைவிட்டுப் போகும் அந்தப் பெண் பஸ்ஸுக்கு நேரமான மாதிரி போகிறாள். பிளேயர் கோளாறு என்று முடிவுகட்டி, செல்போனில் ஒரு செயலியை இறக்கி, போனையே தட்டுமேல் படுக்க வைத்துச் சுற்றவிட்டேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, துல்லியம். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: மோனோவில் அந்தப் பாட்டு வேகம்தான். ஸ்டீரியோவில்தான் மெதுவாக்கிவிட்டார்கள். ஆக, அவள் இத்தனை வருடம் என் வீட்டில் காலை இழுத்து இழுத்து நடந்திருக்கிறாள்.

தட்டின் கடைசிப் பாட்டு ஒரே ஒரு பியானோ ஒலியில் முடியும். பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்து, அது அடங்கும்வரை நாற்பது விநாடிக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலி மங்கி மங்கிப் போகும்போது 'க்ரீச்'.

"இப்பவா நாற்காலியை நகர்த்துவே?" என்று மனைவியைப் பார்த்துச் சீறினேன்.

"நான் நின்னுக்கிட்டிருக்கேன்."

மறுபடி போட்டோம். மறுபடியும் 'க்ரீச்'. லண்டனில் 1967ல் யாரோ அசைத்த நாற்காலிக்கு, மாம்பலத்தில் இவள் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அதோடு முடியவில்லை. பியானோ அடங்கியதும் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "அப்பா, அந்த 'கீஈ'னு சத்தம்!" என்றாள். என்ன சத்தம்? எனக்கும் மனைவிக்கும் சுத்தமாக ஒன்றும் கேட்கவில்லை. ஆல்பத்தின் முடிவில் வேடிக்கைக்காக 15 கிலோஹெர்ட்ஸில் ஒரு நாய் விசில் சேர்த்திருக்கிறார்கள். வயது ஏற ஏற அந்த உயரத்து ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. மகளுக்குக் கேட்டது, நாய்க்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. காது டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய காசு மிச்சம் என்று மனைவி ஆறுதல் சொன்னாள்.

அதற்கும் பின்னால், தட்டின் நடுவில் கடைசிச் சுற்றில், புரியாத பேச்சும் சிரிப்பும் கலந்த இரண்டு விநாடிப் பிதற்றல் ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சுற்று வட்டமாகவே மூடியிருக்கும். ஊசிக் கையைத் தானாகத் தூக்காத பிளேயராக இருந்தால், ஆள் வந்து ஊசியை எடுக்கும்வரை அதே பிதற்றல் திரும்பத் திரும்ப ஓடும். எங்கள் வீட்டுப் பிளேயர் தானாகத் தூக்காத ரகம்.

அடுத்த வாரம் அம்மா திருச்சியிலிருந்து வந்துவிட்டார். ஒரு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டே ஈசிசேரில் தூங்கிப்போனேன். விழித்தபோது காலை ஐந்தரை. பிதற்றல் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட ஆறு மணிநேரம் அதே இரண்டு விநாடி. ஊசியின் கதியை நினைத்துப் பதறி எழுந்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்தார்.

"புது மந்திரப் பெட்டியாடா? பூஜை ரூம்ல இருக்கிறதைவிட இது நல்லாயிருக்கு. என்ன மந்திரம்னுதான் புரியலை. ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன், நல்ல தூக்கம்."

பூஜை அறையில் பிளக்கில் செருகியபடியே நாளெல்லாம் 'ஓம் நமசிவாய' சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் சொன்னார். வடமொழி, கடினமான மந்திரம் என்று சொல்லித் தப்பித்தேன்.

ராக்கிலிருந்து நியூ வேவுக்கு வந்தேன். பங்க் இசைக்காரர்களின் கோபம் கொஞ்சம் தணிந்து, கழுத்தில் டையும் கையில் கீபோர்டும் வந்ததும் அதற்கு நியூ வேவ் என்று பெயர். இது என் சொந்த விளக்கம், விவரம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். த போலீஸ் குழுவின் 'சிங்க்ரோனிசிட்டி' என் கேசட் உறையில் அண்ணன் கைப்பட 'சிங்க்ரோனி சிட்டி' என்று இரண்டு சொல்லாக இருக்கும். இங்கிலாந்தில் எப்போதும் மழை பெய்கிற ஓர் ஊர் என்று கல்லூரி முடிக்கும்வரை நினைத்திருந்தேன். 2024ல் ஆறு சிடி கொண்ட பெட்டியாக மறுபதிப்பு வந்தபோதுதான், 1983லேயே கேசட்டிலும் சிடியிலும் மட்டும் பதினொன்றாவது பாட்டு ஒன்று இருந்தது தெரிந்தது. எல்.பி.யில் அது கிடையாது. அண்ணன் பதிந்தது எல்.பி.யிலிருந்து. ரஸ்புதினைக் கொசுறாகக் கொடுத்தவர், ஆல்பத்தோடு உண்மையாகவே வந்த கொசுறை விட்டுவிட்டார்.

ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' அட்டையைப் பார்த்து மகள், "என் டி-ஷர்ட் டிசைனை எதுக்கு ஆல்பத்துல போட்டிருக்காங்க?" என்றாள். அது 1979ல் வந்த அட்டை, அந்தக் கோடுகள் ஒரு பல்சரிலிருந்து வந்த ரேடியோ அலைகள் என்றேன். "பல்சர் பைக்கையா சொல்றீங்க?" என்றாள். நான் சொன்னது வானத்தில் துடிக்கிற ஒரு வகை நட்சத்திரத்தை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "இது யாரோட ஈ.சி.ஜி.?" என்று கவலைப்பட்டார்.

இனி அந்த மானக்கேடு. எல்விஸ் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலப் பாடகரின் 'திஸ் இயர்ஸ் மாடல்' 1978ல் வந்தது. இந்த மனிதரின் பழைய ஆல்பங்களை 1990களில் ஒரு நிறுவனம், 2000களின் தொடக்கத்தில் இன்னொன்று, 2007ல் மூன்றாவது என்று வரிசையாக மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். வீட்டில் தோசை மாவு புளிப்பதற்குள் அடுத்த ஈடு அரைக்கிற மாதிரி. அப்படி ஒரு பதிப்பு ஆன்லைனில் கிடைத்தது. பிரித்ததும் ரத்தம் கொதித்தது. அட்டை முழுவதும் இடப்பக்கம் தள்ளி வெட்டியிருக்கிறது. எல்விஸில் முதல் எழுத்தைக் காணோம், திஸ்ஸிலும் முதல் எழுத்தைக் காணோம். வலது ஓரத்தில் மை சரிபார்க்க நாங்கள் போடும் கலர் பார் அப்படியே பல்லை இளிக்கிறது. என் அச்சகத்தில் எவனாவது இப்படி ஒரு கட்டிங் போட்டிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்திருப்பேன்.

கடைக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். என் அனுபவம் எத்தனை வருடம், கட்டிங் மார்க் என்றால் என்ன, ஷீட் எப்படி நகர்ந்திருக்கும் என்று படத்தோடு பாடமே நடத்தினேன். அவர்கள் பாவம், மன்னிப்புக் கேட்டு வேறு பிரதி அனுப்பினார்கள். அதிலும் இரண்டு எழுத்தையும் காணோம், அதே கலர் பார். "மொத்த லாட்டும் பாழ்" என்று அடுத்த மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டிருந்தபோது மகள் தோளைத் தொட்டு போனைக் காட்டினாள். பார்னி பபுள்ஸ் என்ற வடிவமைப்பாளர் இங்கிலாந்துப் பதிப்பின் அட்டையை வேண்டுமென்றே அப்படித் தப்பாக வெட்டச் சொன்னாராம். அச்சுப்பிழை மாதிரியே தெரிய வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு.

பாதி எழுதிய மின்னஞ்சலை அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். முதல் வரி எழுத மட்டும் ஒரு மணிநேரம் ஆனது.

போன சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி டார்க் சைட் போட்டேன். இந்த முறை அம்மாவும் உள் அறையில் படுத்திருந்தார். இதயத்துடிப்பு, கடிகாரங்கள், எல்லாம் வரிசையாக வந்தன. கிளேர் டோரி கதறி, கெஞ்சி, அடங்கினார். ஊசி 'டிக்... டிக்...' என்றது. நான் கால் தாளத்தை அடக்கிக்கொண்டு தட்டைத் திருப்ப எழுந்தேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏண்டா, அந்தப் பொண்ணு அழுது ஓஞ்சதும் ஒரு டான்ஸ் பாட்டு வருமே. அதைக் காணோம்?"