வாடைக் காலத்தில் மே ஹொங் சோன்

திருகோணமலையில் வாடை பிடித்து நிலாவெளிக் கடல் கொந்தளிக்கிற மார்கழியில்தான் வட தாய்லாந்து மலைகள் மிக வடிவாக இருக்கும். அங்கே மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். விடியப்புறத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். மியான்மர் எல்லையை ஒட்டிய மே ஹொங் சோன் மாகாணத்துக்குக் குடும்பமாகப் போக இதைவிட நல்ல காலம் இல்லை.

சித்திரை வருடப்பிறப்பு லீவில் போகத் தயவுசெய்து திட்டமிடாதீர்கள். மாசி தொடக்கம் சித்திரை வரை அங்கே வயலுக்கும் காட்டுக்கும் நெருப்பு வைக்கிற காலம். புகை பள்ளத்தாக்குக்குள் அடைத்து நின்றுவிடும். எதிரே இருக்கிற மலையே தெரியாது. இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். மார்கழியிலும் 5ஆம், 10ஆம் திகதிகளும் வருடக் கடைசி வாரமும் தாய்லாந்துக்காரரின் சொந்த விடுமுறை. அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறியிருக்கும்.

முதலில் கடவுச்சீட்டுகளை எடுத்துத் திகதி பாருங்கள். பெரியவர்களுடையது சரியாக இருக்கும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடையது 3 வருடத்தில் முடிந்துவிடும். பயணத் திகதியிலிருந்து 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இலங்கையருக்கு 2024 ஜூலையிலிருந்து விசா இல்லாமல் நுழைய அனுமதி வந்தது. ஆனால் இந்த விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் அரசாங்கத் தளம் அல்ல.

விமானத்துக்குக் கொழும்புக்குள் போய் அலைய வேண்டாம். ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கவுக்கு நேரே வான் பிடியுங்கள். பாங்கொக்கிலிருந்து வடக்கின் பெரிய நகரமான சியாங் மாய்க்கு இரவு ரயில் இருக்கிறது, 751 கிலோமீற்றர். கீழ்ப் படுக்கை மேலே உள்ளதைவிட அகலம். தாயும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து படுக்கலாம். அதுதான் முதலில் விற்றுப்போகும்.

பயணத்தில் சிக்கல் தருவது சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் 1095ஆம் இலக்க வீதி. சுமார் 135 கிலோமீற்றரில் 762 வளைவுகள் என்று கணக்கு. வானின் பின் ஆசனத்தில் இருந்தால் பெரியவர்களே சத்தி எடுப்பார்கள். பின் சில்லுக்கு மேலே இருப்பதால் அங்கே ஆட்டம் கூட. டிக்கெட் எடுக்கும்போதே முன் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்குக் கஞ்சியோ பாணோ கொஞ்சமாகக் கொடுத்து, வைத்தியர் சொன்ன அளவில் சத்திக் குளிசையை அரை மணித்தியாலம் முன்பே கொடுங்கள். தலை சுற்றத் தொடங்கின பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஓடும்போது கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடாது, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மே ஹொங் சோன் நகரம் வரை ஒரே நாளில் இழுக்காமல் பாயில் இரண்டு இரவு தங்குவது நல்லது.

அங்கேயும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடும். சர்வதேச அனுமதிப்பத்திரம் இருந்தால் கார் வாடகைக்கு எடுக்கலாம். மோட்டார் சைக்கிள் அனுமதி இல்லாமல் ஸ்கூட்டர் எடுக்க வேண்டாம். விழுந்தால் பயணக் காப்புறுதி ஒரு சதமும் தராது. பாய் பள்ளத்தாக்கின் முகட்டுப் பாதைக்குக் கைபிடி கிடையாது, இரு பக்கமும் செங்குத்துச் சரிவு. சின்னப் பிள்ளைகளை மேட்டுத் தளத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சொப்பொங் என்ற ஊருக்கு அருகே உள்ள லொட் குகையை விட்டுவிடாதீர்கள். ஆறு மலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறது. மூங்கில் தெப்பத்தில் போக வேண்டும். அரிக்கன் லாம்பு பிடித்து உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். மரப்படிகள் செங்குத்தானவை, ஈரமானவை. வழுக்காத செருப்பு அவசியம். முழங்கால் நோவுள்ள அம்மம்மா தெப்பத்தோடு நின்றுகொள்ளலாம்.

குளிரைக் குறைத்து நினைக்காதீர்கள். பாங் உங் ஏரிக்கரையில் விடிய 10 பாகைக்குக் கீழேயும் போகும். தங்குமிடங்களில் பெரும்பாலும் ஹீட்டர் இல்லை. அறை பதியும்போது சுடுதண்ணீர் உண்டா, மேலதிகப் போர்வை தருவார்களா என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு சுவெட்டர், இரண்டு சோடிக் காலுறை, காதை மூடும் தொப்பி.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் "ஜே" என்று கேட்க வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை அது. வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். ஹலால் தேடுவோருக்குச் சியாங் மாயில் பான் ஹோ பள்ளிவாசலைச் சுற்றிய கடைகள் இருக்கின்றன. மலைக் கிராமங்களில் ஏடிஎம் கிடைப்பது அரிது, காசைச் சியாங் மாயிலேயே எடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது ஒரு இரவைச் சியாங் மாய்க்கு ஒதுக்குங்கள். மே ஹொங் சோனிலிருந்து வந்த அன்றே விமானம் ஏறலாம் என்று கணக்குப் போட்டால், வீதியில் ஒரு மண்சரிவோ பழுதான லொறியோ போதும், டிக்கெட் காசு முழுக்கப் போய்விடும்.